தோட்டத்து வீட்டுக்குப் பாட்டரி மின்சாரம்: வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

மின்கம்பி எட்டாத தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிகள் சூரிய ஒளித் தகடு, பாட்டரி, இன்வெர்ட்டர் ஆகிய மூன்றையும் கொண்டு விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி முதலியவற்றை இயக்கிக்கொள்ளலாம். ஆனால் பாட்டரிக்குக் கொடுத்த பணம் ஓராண்டிலேயே வீணாவதும், பல ஆண்டுகள் பலன் தருவதும் வாங்கும் முன் பார்க்கும் கணக்கைப் பொறுத்தவை.

ஒரே நேரத்தில் எத்தனை வாட் தேவை என்பது ஒரு கணக்கு. அது எத்தனை மணி நேரத்துக்குத் தேவை என்பது இன்னொன்று. தண்ணீர்த் தொட்டியின் மதகு எவ்வளவு அகலம், தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதைப் போன்றது இது. இன்வெர்ட்டர்தான் மதகு, பாட்டரிதான் தொட்டி.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி வரும். இவ்வளவையும் எடுக்கலாம் என்று எண்ணுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஈய-அமிலப் பாட்டரியை நாள்தோறும் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 900 வாட்-மணிதான் கணக்கில் கொள்ளத்தக்கது. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பும் போக, வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 750 வாட்-மணி.

இனிச் செலவைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி. 50 வாட் தொலைக்காட்சி 3 மணி நேரத்துக்கு 150. செல்போன் சார்ஜ் ஏற்ற 15. பழைய வகை மின்விசிறி 75 வாட் இழுக்கும்; இரவு 8 மணி நேரம் ஓடினால் அது ஒன்றே 600. மொத்தம் 900, பாட்டரி தாங்காது. அதே விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியைப் பொருத்தினால் 240 போதும்; மொத்தம் 540-ஆகக் குறைந்துவிடும். இரண்டாவது பாட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு.

மிச்சமுள்ளதில் 500 வாட் மிக்ஸியைப் பத்து நிமிடம் ஓட்டலாம். 85 வாட்-மணிக்குள் அடங்கும். ஆனால் ஓடும் நேரம் குறைவானாலும் ஒரே சமயத்தில் இழுக்கும் சுமை அதிகம். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் தரக்கூடியது சுமார் 700 வாட்தான். ஆகவே மிக்ஸி ஓடும்போது மற்றவற்றை நிறுத்திவிடுவது நல்லது. மோட்டார் உள்ள சாதனங்களுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டரே ஏற்றது. சதுர அலை இன்வெர்ட்டரில் விசிறி இரையும், மோட்டார் சூடேறும்.

சூடு உண்டாக்கும் சாதனங்கள் எதையும் இதில் இணைக்கக்கூடாது. 700 வாட் அரிசி குக்கர் அரை மணி நேரத்தில் 350 வாட்-மணியைத் தின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அரைக் குதிரைசக்தித் தண்ணீர் மோட்டாரும் கிளம்பும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் சிறிய இன்வெர்ட்டர் நின்றுபோகும்.

டிராக்டர் பாட்டரி சும்மாதானே கிடக்கிறது என்று சிலர் அதை இன்வெர்ட்டரில் மாட்டிவிடுகிறார்கள். அது எஞ்சினைக் கிளப்பச் சில வினாடிகள் மட்டும் பெரும் மின்னோட்டம் தருவதற்கென மெல்லிய தகடுகளால் ஆனது. இரவு முழுவதும் வடியவிட்டால் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். காலையில் டிராக்டரும் கிளம்பாது.

எடுத்த மின்சாரம் மறுநாளே திரும்ப ஏற வேண்டும். 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி தரும். ஏற்றும்போதும் இழப்பு உண்டாதலால், மேற்கண்ட தேவைக்கு 300 வாட் தகடும், தகுந்த சார்ஜ் கன்ட்ரோலரும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது மேகமூட்டமான நாட்களில் தொலைக்காட்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். வடிந்த பாட்டரியை ஏற்றாமல் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் பழைய கொள்ளளவு திரும்பாது. லித்தியம் பாட்டரியை இன்னும் ஆழமாக வடிக்கலாம், விலைதான் அதிகம்.

மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அமிலம் சேர்க்கக்கூடாது. பாட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குச் செல்லும் கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும்.

சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே பாட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாதபடி வைக்க வேண்டும்; நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சியோ மண்ணெண்ணெய் விளக்கோ கொண்டுசெல்லக்கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.