கேபிளை நிறுத்தியாயிற்று, இனி டிவியில் எதைப் பார்ப்பது?

மாதச் சந்தா கட்டுப்படியாகவில்லை என்று கேபிளையோ டிடிஎச்சையோ (வீட்டு டிஷ் வழியாக நேரடியாக வரும் சேவை) நிறுத்திவிட்டீர்கள். அடுத்து என்ன வாங்கலாம் என்று கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் யார், எந்த நேரத்தில், எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பணம் கட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். பகல் முழுக்க டிவி முன் இருப்பது அம்மாவோ தாத்தாவோ என்றால், புதிய ஏற்பாடு அவருக்குப் பொருந்த வேண்டும்.

“சந்தாவே இல்லாமல் டிவி பார்க்க வழியில்லையா?” இருக்கிறது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரிலிருந்து நடக்கும் அரசுச் சேவை இது. டிஷ், செட்டாப் பாக்ஸ் இரண்டுக்கும் ஒருமுறை சுமார் 2000 ரூபாய் செலவாகும், பிறகு மாதம் ஒரு பைசா கட்ட வேண்டாம். மாடியில் பழைய டிஷ் சும்மா நிற்கிறதா? பல வீடுகளில் அதையே பயன்படுத்தலாம். விவரம் தெரிந்த ஒருவர் அதை ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் திருப்பிவைத்தால் போதும். கலைஞர் ஆட்சியில் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி இன்னும் ஓடுகிறது என்றாலும் கவலையில்லை. சாதாரண ஃப்ரீ டிஷ் பாக்ஸில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் செருகும் துளைகள் இருக்கும்.

குறை என்ன? தமிழ்தான். டிடி தமிழ் (முன்பு பொதிகை) வரும், கல்விச் சேனல்கள் வரும். மற்றபடி இந்திச் சேனல்களே அதிகம். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் மூன்றும் கட்டணச் சேனல்கள் என்பதால் இதில் வராது. சீரியல் பார்க்கும் வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் மட்டும் போதாது.

ஆனால் கிரிக்கெட் ரசிகருக்கு இதில் பெரிய லாபம் உண்டு. 2007-ல் வந்த சட்டப்படி, நாட்டுக்கு முக்கியமான போட்டிகளைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அப்படிப் பெறும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிளில் டிடி வைத்தால் மேட்ச் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

“சீரியலை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே?” பார்க்கலாம். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட் செயலியில், விஜய் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-ல். வீட்டில் மூன்று சேனலுக்கும் ஆள் இருந்தால் மூன்று சந்தா. அதற்கு மேல் இணையக் கட்டணம். கூட்டிப் பாருங்கள், நீங்கள் நிறுத்திய கேபிள் கட்டணத்தைத் தாண்டிவிடக்கூடும். வீட்டில் எப்படியும் பிராட்பேண்ட் இருந்து, ஏதாவது ஒரு சேனலின் தொடர்களே போதும் என்றால் மட்டும் இது தெளிவான லாபம்.

மூன்று சேனலும் வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் சந்தாவை அடியோடு விடாமல் சுருக்கிக்கொள்வதே நல்லது என்பேன். 2019 முதல் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேபிள்காரர் தரும் பெரிய பேக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அடிப்படைக் கட்டணத்தோடு, பார்க்கிற நாலைந்து சேனல்களின் விலையை மட்டும் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

செய்திக்குப் பணம் தேவையே இல்லை. தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் போன்றவற்றின் நேரலை யூடியூபில் இலவசம். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் என்ற செயலியில் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைக்கின்றன.

“செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக்கொள்ள முடியாதா?” அவசரத்துக்கு முடியும், தினமும் முடியாது. எச்டி (தெளிவான படம்) தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் ஒரு படத்தின் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். தினம் 4 மணி நேரம் டிவி ஓடினால் மாதம் 360 ஜிபி. வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் ஃபைபர் இணையத்தில்தான் இது சுலபம். வேகம் எவ்வளவு வேண்டும்? ஒரு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) போதும். ஒரு டிவியும் இரண்டு மூன்று போன்களும் உள்ள வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் திட்டம் தாராளம். அதைவிட வேகமான திட்டத்தை விற்கப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டரையும் (வைஃபை தரும் பெட்டி) அதில் இணையுங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டில் டிவி ஓடினாலும் படம் வராது.

இனி கருவி. புது ஸ்மார்ட் டிவி வாங்க வேண்டுமா? டிவியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை (படமும் ஒலியும் ஒரே வயரில் வருவது) இருந்தால் வேண்டாம். அதில் செருகும் ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற ஒரு சிறு கருவி போதும். ஆறேழு வருடம் பழைய ஸ்மார்ட் டிவியில் செயலிகள் திணறினாலும் இதே மருந்துதான். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை அதனுடன் வரும் அடாப்டரிலிருந்தே கொடுங்கள். டிவியின் யுஎஸ்பியில் செருகினால் பாதியில் நின்று நின்று ஓடலாம். ‘ஆயிரம் சேனல், ஆயுள் முழுக்க இலவசம்’ என்று விற்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள். அவை திருட்டு ஒளிபரப்பை நம்பி இருப்பவை. என்றைக்கு நின்றாலும் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

சந்தா எடுக்கும்போது பலர் ஏமாறுவது இங்கே: விலை மலிவான திட்டங்கள் சில ‘மொபைல் மட்டும்’. டிவியில் ஓடாது. போன் ரீசார்ஜுடன் இலவசமாக வருபவற்றிலும் சில அப்படித்தான். பணம் கட்டும் முன் ‘டிவியில் பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறதா, எத்தனை திரையில் ஒரே சமயம் ஓடும் என்று பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால், பணம் பிடிக்க 24 மணி நேரத்துக்கு முன் வங்கியிலிருந்து உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால், பார்க்காத செயலிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

“அம்மாவுக்கு இதெல்லாம் வருமா?” இதை அவசியம் யோசியுங்கள். கேபிளில் எண்ணை அழுத்தினால் சேனல். செயலியில் திறக்க வேண்டும், பெயரைத் தேட வேண்டும், நடுவில் கடவுச்சொல் கேட்கும். முடிந்தவரை எளிதாக்கலாம். தேவையில்லாத செயலிகளை நீக்கி, அவர் பார்ப்பதை முதல் வரிசையில் வையுங்கள். ரிமோட்டில் மைக் பொத்தானைக் காட்டுங்கள். தொடரின் பெயரைச் சொல்லித் தேடலாம். நீங்கள் வெளியூர் போவதற்கு முன் இரண்டு நாளாவது அவரையே தனியாக இயக்கச் சொல்லிப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவருக்காகச் சுருக்கிய கேபிள் பேக், உங்களுக்கு ஸ்டிக் என்று இரண்டையும் ஒரே டிவியில் வைத்துக்கொள்ளலாம். இது தோல்வி அல்ல, பல வீடுகளுக்கு இதுவே சரியான ஏற்பாடு.

படத்தரத்தில் வித்தியாசம் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. கனமழையில் டிஷ்ஷில் படம் போகும், ஃபைபரில் போகாது. ஆனால் நேரலை இணையத்தில் அரை நிமிடம் வரை பிந்தலாம். நீங்கள் விக்கெட்டைப் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டில் கத்திவிடுவார்கள்.

கடைசியாக, பழைய பாக்ஸை என்ன செய்வது? உங்கள் காசில் வாங்கியது என்றால் பத்திரமாக வையுங்கள். டிடிஎச் முன்பணச் சேவை என்பதால், ஐபிஎல் மாதங்களில் மட்டும் மறுபடி ரீசார்ஜ் செய்ய அது உதவலாம். அரசு கேபிள் கொடுத்த பாக்ஸ் உங்களுடையது அல்ல, இணைப்பை விடும்போது திருப்பித் தர வேண்டும். தனியார் கேபிளிலும் வாடகைப் பாக்ஸ் என்றால் அப்படியே. ரிமோட், அடாப்டருடன் ஒப்படைத்து, பாக்ஸின் எண்ணைக் குறித்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். பாக்ஸுக்கு டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அப்போதே திருப்பிக் கேளுங்கள்.