முப்பது வயதுவரை கெடு: டெனர் பாடகர் பவரோட்டி

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பலர், "கடுமையாக உழைத்தார், வெற்றி பெற்றார்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன உழைப்பு? எத்தனை வருஷம்? அதுவரை யார் சோறு போட்டது? இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் கட்டுரை நிற்கும். எடுத்துக்காட்டாக, இத்தாலியப் பாடகர் லூசியானோ பவரோட்டியைப் பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். ஓப்பரா என்பது பெரும்பாலும் பாட்டாலேயே நடத்தப்படும் மேடை நாடகம். அதில் உயர்ந்த சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு 'டெனர்' என்று பெயர். காதலன் வேடமெல்லாம் பெரும்பாலும் டெனருக்குத்தான். பொதுவாக மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேரணும்.

பவரோட்டி 1935-இல் மொடேனா நகரில் பிறந்தார். அப்பா ரொட்டி சுடுபவர், நன்றாகப் பாடுவார். அம்மா சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளி. மகன் ஆசிரியர் பயிற்சி முடித்து, இரண்டு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தினார். ஆமாம், நம்ம தொழில்தான்! ஆனால், அவர் மனம் பாட்டில்தான் இருந்தது. அப்பா தயங்கினார். கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆனது: முப்பது வயதுவரை சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், அதற்குள் முன்னுக்கு வராவிட்டால் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்ள வேண்டும்.

1954-இல், 19 வயதில், அரிகோ போலா என்ற பாடகரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். குடும்ப நிலை அறிந்த போலா கட்டணம் வாங்கவில்லை. ஆண்டுகள் ஓடின. கிடைத்தவை சிற்றூர்களில் சம்பளமில்லாத சில கச்சேரிகளே. குரல்நாணில் சிறு கட்டி வேறு வந்தது. ஃபெராரா நகரில் பாடியது படுதோல்வி. 'போதும், விட்டுடலாம்' என்றே முடிவெடுத்தார். பிறகு கட்டி மறைந்தது, குரலும் தேறியது. 1961-இல் ஒரு போட்டியில் வென்று, ஏப்ரல் 29 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரில் 'லா போயெம்' ஓப்பராவில் நாயகனாக மேடையேறினார். அப்போது வயது 25. கெடு முடிய நாலரை வருஷம்தான் மிச்சம்.

அதோடு படிப்பு நிற்கவில்லை. 1965-இல் பாடகி ஜோன் சதர்லாந்துடன் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் மூச்சைத் தாங்கும் விதத்தை, விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1972-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில், ஒரே பாட்டில் ஒன்பது முறை உச்ச 'சி' ஸ்வரத்தைத் தொட்டார். 1990-இல் ரோமில் டொமிங்கோ, கரேராஸ் இருவருடன் 'மூன்று டெனர்கள்' நிகழ்ச்சி. ஓப்பரா பக்கமே போகாதவர்களும் அவர் பெயரை அறிந்தார்கள். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை அடிக்கடி ரத்து செய்கிறார் என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. 2007-இல் மறைந்தார்.

மாணவர்களே, உங்கள் கட்டுரையில் 'உழைத்தார்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இப்படிப்பட்ட செய்திகளை எழுதிப் பாருங்கள். ஆசிரியர்கள் இன்னொன்றையும் வகுப்பில் பேசலாம். இது ஒருவரின் விடாமுயற்சி மட்டுமல்ல. காசு வாங்காத ஒரு குருவும், கெடு வைத்துக் காத்திருந்த ஒரு வீடும் சேர்ந்து வளர்த்த குரல்.