டிக்ரியும் அமீனாவும்: அங்கத்தினர் அறியவேண்டுவன

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் அங்கத்தினர் எம்மிடம் கேட்பதுண்டு: "வீட்டுக்காரருக்குக் கோர்ட்டில் டிக்ரி ஆகிவிட்டது. நாளைக்கே போலீஸார் வந்து தறியைத் தெருவில் எறிந்துவிடுவார்களா?" இவ்வச்சத்திற்கு மருந்து, சட்டத்தின் முறையை அறிதலேயாகும்.

டிக்ரி பெற்றவர் தாமே வந்து எவரையும் வெளியேற்ற இயலாது. டிக்ரியை நிறைவேற்றித் தருமாறு அவர் நீதிமன்றத்தில் மனுச் செய்தல் வேண்டும். டிக்ரியாகி 2 ஆண்டுகள் கடந்த பின் மனுச் செய்தால், பொதுவாக எதிர்தரப்பினருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பப்பெறும். பின்னர் நீதிமன்றம் பிறப்பிக்கும் வாரண்டைக் கொண்டு வருபவர் அமீனா. 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் ஆணை, 35ஆம் விதி இம்முறையை வகுக்கின்றது. டிக்ரிக்குக் கட்டுப்பட்டவர் வெளியேற மறுத்தால் அவரை அகற்றலாம். கதவைத் திறவாவிடில், தக்க எச்சரிக்கை செய்து, கோஷாப் பெண்கள் விலகிச் செல்ல வசதியும் அளித்த பின்னரே பூட்டை உடைக்கலாம்.

போலீஸார் நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் அமீனாவுக்குப் பாதுகாப்பாக வருபவரேயாவர். சுவாதீனத்தை ஒப்படைப்பவர் அமீனாவே.

நியாயமான காரணமின்றி அமீனாவைத் தடுத்தல் தகாது. தொடர்ந்து தடுப்பவரை 30 நாட்கள் வரை சிவில் சிறையில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடக்கூடும். டிக்ரிக்குக் கட்டுப்படாத தனி உரிமை உடையவர், அதனை நிறைவேற்றும் அந்நீதிமன்றத்திலேயே முறையிடலாம். வேறு வழக்குத் தொடர வேண்டுவதில்லை.

வாரண்டு வீட்டிற்கேயன்றித் தறிக்கு அன்று. பணக் கடனுக்கான டிக்ரியிலும் கைவினைஞரின் கருவிகளையும், உழவரின் கலப்பை, பிழைப்பிற்குத் தேவையான மாடு, விதை ஆகியவற்றையும் ஜப்தி செய்யலாகாதென 60ஆம் பிரிவு காக்கின்றது. எனினும் குழித்தறியை ஒரு நாழிகையில் பெயர்த்தெடுக்க முடியுமா? அவசரத்தில் அறுத்தால் பாவு பாழாகும். அந்நூல் சங்கத்தின் சொத்து. ஆகவே நோட்டீஸ் வந்தவுடனே காரியதரிசிக்குத் தெரிவியுங்கள். வக்கீல் மூலம் அவகாசம் கோருங்கள்.

நீதிமன்ற உத்தரவின்றி ஆள் வைத்து வெளியேற்றினாலோ, 1963ஆம் ஆண்டு குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி 6 மாதங்களுக்குள் வழக்கிட்டுச் சுவாதீனத்தை மீட்கலாம். 6 மாதம் கடந்தால் அவ்வழி அடைபடும்.

எனவே, வாயிலில் வந்து நிற்பவரிடம் முதலில் வாரண்டைக் கேட்டுப் படித்துப் பாருங்கள். வாரண்டு இருப்பின் வழிவிடுங்கள். இல்லையெனில் அன்றே வக்கீலை நாடுங்கள்.