மூன்றாவது ஒற்றையர் யார்?

தோமஸ் கிண்ணப் போட்டி நெருங்கினால் உம்பாய் கடலோரச் சுட்ட மீன் கடைகளிலும் நம் வீட்டு வரவேற்பறைகளிலும் ஒரே வாதம்தான். “நம்மிடம் அவர் இருக்கிறார், அவர்களிடம் யார் இருக்கிறார்கள்?” என்று யாராவது தொடங்கிவிடுவார். அந்த ‘அவர்’ பல ஆண்டுகள் லீ சோங் வெய்யாக இருந்தார்; பிறகு லீ சீ ஜியா ஆனார். கேட்கச் சுவையான வாதம்தான். ஆனாலும் இரண்டு அணிகளின் திறமையை ஒப்பிட அந்தக் கேள்வி உதவாது. எந்தக் கேள்வி உதவும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். படிவம் 2 கணிதத்தில் ‘கெபாராங்காலியான்’ என்று நீங்கள் படிக்கும் நிகழ்தகவு இதற்குப் போதும்.

முதலில் போட்டியின் அமைப்பைப் பார்ப்போம். தோமஸ் கிண்ணத்தில் இரு நாடுகள் மோதும்போது ஐந்து ஆட்டங்கள் உண்டு: மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வெல்லும் அணிக்கு வெற்றி. பழைய காலத்தில் ஒன்பது ஆட்டங்கள் இருந்தன. 1984இல்தான் ஐந்தாகக் குறைத்தார்கள். யார் முதல் ஒற்றையர், யார் மூன்றாவது ஒற்றையர் என்பதைப் பயிற்றுநர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. உலகத் தரவரிசையில் முன்னால் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். ஆகவே முதல்வர் முதல்வரோடும், மூன்றாமவர் மூன்றாமவரோடும்தான் மோதுவார்கள். ஒவ்வோர் இடமும் தனித்தனிச் சண்டை.

2014 மே 25, புதுடில்லி. இறுதியாட்டத்தில் மலேசியாவும் ஜப்பானும். அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் லீ சோங் வெய். வாழ்நாளில் மொத்தம் 349 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தவர் அவர். கெனிச்சி தாகோவை 21-12, 21-16 என்று எளிதாக வென்றார். முதல் இரட்டையரில் நாம் தோற்றோம். இரண்டாவது ஒற்றையரில் 19 வயது கெந்தோ மொமோதா நம் சோங் வெய் ஃபெங்கை வீழ்த்தினார். கோ வி ஷெம், தான் வீ கியோங் இணை முதல் செட்டை இழந்தும் மீண்டு வந்து 2-2 ஆக்கியது. கடைசி ஆட்டத்தில் டேரன் லியூவும் தகுமா உவேதாவும் மூன்று செட்டுகள் ஆடினார்கள்: 12-21, 21-18, 17-21. கிண்ணம் முதன்முறையாக ஜப்பானுக்குப் போனது. 1992இல் கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3-2 என்று வென்ற பிறகு நம் கைக்கு வராத கிண்ணம், அன்றைக்கும் வரவில்லை.

லீ சோங் வெய் இதைவிட நன்றாக ஆடியிருந்தால்? 21-5, 21-5 என்று வென்றிருந்தாலும் நமக்குக் கிடைத்திருப்பது அதே ஒரு புள்ளிதான்.

இதை இன்னும் தெளிவாகக் காட்ட, சதுரங்கத்தின் தரப்புள்ளி முறையை எடுத்துக்கொள்வோம். அதை வகுத்தவர் அர்பாத் ஏலோ என்ற இயற்பியல் பேராசிரியர். (இயற்பியல்காரர்கள் எதையும் அளக்காமல் விடமாட்டார்கள்.) இரு ஆட்டக்காரர்களின் புள்ளி வேறுபாட்டை வைத்து, வலியவருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று இம்முறை சொல்லும். வேறுபாடு 0 என்றால் 50 விழுக்காடு. 200 என்றால் 76. 400 என்றால் 91. 800 என்றால் 99. இந்த எண்களைக் கவனியுங்கள். முதல் 400 புள்ளி வேறுபாடு வாய்ப்பை 41 விழுக்காடு உயர்த்துகிறது. அடுத்த 400 வெறும் 8தான் உயர்த்துகிறது. வரைபடத் தாளில் புள்ளியிட்டுப் பாருங்கள். கோடு மேலே ஏறி, 100ஐ நெருங்கும்போது படுத்துவிடும். சர்க்கரைக் கரைசல் தெவிட்டிய பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில்தான் தங்கும் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஓர் இடத்தில் அளவுக்கு மீறிக் குவிந்த திறமை அணியின் வெற்றிக்குள் கரைவதில்லை.

இப்போது கணக்கு. கற்பனையாக ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். முதல் ஒற்றையர் மாபெரும் வீரர். அவருடைய வெற்றி வாய்ப்பு 0.95. இரண்டாவது, மூன்றாவது ஒற்றையர்களுக்குத் தலா 0.40. இரண்டு இரட்டையர்களுக்கும் தலா 0.50. இந்த அணி வெல்லும் வாய்ப்பு எவ்வளவு?

ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் வெற்றி அல்லது தோல்வி. ஆக 2×2×2×2×2 = 32 வகை முடிவுகள் உண்டு. (உண்மைப் போட்டியில் ஓர் அணி மூன்று புள்ளி எடுத்ததும் நிறுத்திவிடலாம், கணக்குக்கு ஐந்தையும் ஆடியதாகவே வைத்துக்கொள்வோம்.) அவற்றில் மூன்றோ அதற்கு மேலோ வெற்றி உள்ளவை 16. ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்கிக் கண்டுபிடித்து, 16ஐயும் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 2014இல் நமக்குத் தேவைப்பட்ட வரிசை: முதல் ஒற்றையர் வெற்றி, முதல் இரட்டையர் தோல்வி, இரண்டாவது ஒற்றையர் தோல்வி, இரண்டாவது இரட்டையர் வெற்றி, மூன்றாவது ஒற்றையர் வெற்றி. நம் கற்பனை அணிக்கு அது 0.95 × 0.50 × 0.60 × 0.50 × 0.40 = 0.057. இப்படி 16 வரிசைகளையும் கூட்டினால் 0.59 வரும். அதாவது 59 விழுக்காடு. பொறுமை உள்ளவர்கள் கையால் போடலாம். மற்றவர்கள் கணினியில் விரிதாள் திறந்து போடுங்கள்.

இனிதான் சுவை. உங்களிடம் ஓராண்டு பயிற்சிக் காலம் இருக்கிறது. அதை முதல் ஒற்றையருக்கே கொடுத்து, அவரைத் தோற்கவே முடியாதவராக, 0.95இலிருந்து 1.00 ஆக உயர்த்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அணியின் வாய்ப்பு 59இலிருந்து 61 விழுக்காடு ஆகிறது. அவ்வளவுதான். அதே காலத்தை மூன்றாவது ஒற்றையருக்குக் கொடுத்து, அவரை 0.40இலிருந்து 0.60 ஆக்கினால்? அணியின் வாய்ப்பு 67 விழுக்காடு. சாதாரணமானவரைக் கொஞ்சம் நல்லவராக்குவது, சிறந்தவரை வெல்ல முடியாதவராக்குவதைவிட எளிது என்பது பயிற்சி கொடுக்கும் எல்லாருக்கும் தெரியும். பலனும் அதில்தான் அதிகம்.

2022இல் பாங்காக்கில் இது நம் கண்ணெதிரே நடந்தது. மே 12, காலிறுதி, மலேசியாவும் இந்தியாவும். நம் முதல் ஒற்றையர் லீ சீ ஜியா, அதற்கு முந்தைய ஆண்டின் அகில இங்கிலாந்து வெற்றியாளர். லக்‌ஷயா சென்னை 23-21, 21-9 என்று வென்றார். மீன் கடை வாதத்தின்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தியாவின் மூன்று ஒற்றையர்களின் தரவரிசையைப் பாருங்கள்: சென் 9, கிடாம்பி ஸ்ரீகாந்த் 11, எச்.எஸ். பிரணாய் 23. படிகள் உயரம் குறைந்தவை. நம் அணியிலோ முதல் படிக்கும் அடுத்த படிக்கும் பெரிய பள்ளம். ஸ்ரீகாந்த் இளைஞர் இங் சே யோங்கை நேர் செட்டுகளில் வென்றார். இரண்டாவது இரட்டையரில் இந்தியாதான் பலவீனம். அங்கே ஆரோன் சியா, தியோ ஈ யீ இணை நமக்குப் புள்ளி எடுத்தது. மீண்டும் 2-2. மீண்டும் மூன்றாவது ஒற்றையர். பிரணாய் நம் லியோங் ஜுன் ஹாவை 21-13, 21-8 என்று முடித்தார்.

அரையிறுதியில் டென்மார்க்கிடமும் அதே கதை. அங்கேயும் இந்தியாவின் முதல் ஒற்றையர் விக்டர் அக்செல்செனிடம் தோற்றார். அங்கேயும் 2-2இல் பிரணாய் வந்து, முதல் செட்டை இழந்து, கால் வழுக்கி விழுந்து, வலியோடு ஆடி வென்றார். இறுதியில் 14 முறை கிண்ணம் வென்ற இந்தோனேசியாவை இந்தியா 3-0 என்று தோற்கடித்தது. அதற்கு முன் இறுதியாட்டத்தை எட்டியே பார்க்காத நாடு அது.

தரவரிசையை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. பூப்பந்து உலகத் தரவரிசை, கடந்த 52 வாரங்களில் ஒருவர் எடுத்த சிறந்த பத்துப் போட்டி முடிவுகளைக் கூட்டுகிறது. மிகப் பெரிய போட்டியை வென்றால் மிக அதிகப் புள்ளி. சிறிய ‘சூப்பர் 100’ போட்டியை வென்றால் 5,500. யாரைத் தோற்கடித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. எந்தச் சுற்று வரை போனீர்கள் என்றுதான் கேட்கிறது. ஏலோ முறை எதிராளியின் வலிமையைக் கணக்கில் எடுக்கும், இது எடுக்காது. காயம்பட்டு வீட்டில் இருந்தவரும், செலவுக்குப் பணமில்லாமல் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகாதவரும் பட்டியலில் கீழே இறங்குவார்கள். அவர்களுடைய கை மறந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பிரணாய் 2018இலேயே உலகின் 8ஆம் இடம்வரை போனவர். 2022இல் ‘23’ என்ற எண் அவருடைய அண்மைக் காலத்தைத்தான் சொன்னது. முழுத் திறமையையும் சொல்லவில்லை. மூன்றாமவராக அப்படி ஒருவர் நிற்பது எதிரணிக்கு எவ்வளவு தலைவலி!

இன்னொன்று. தரவரிசை எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 1ஆம் இடத்துக்கும் 10ஆம் இடத்துக்கும் உள்ள தூரமும், 51க்கும் 60க்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல. ஓட்டப் பந்தயத்தில் முதல், இரண்டு, மூன்று என்று இடம் கொடுப்பது போலத்தான். எத்தனை விநாடி இடைவெளி என்று இடம் சொல்லாது.

நான் போட்ட கணக்கிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. வாய்ப்புகளைப் பெருக்கும்போது ஐந்து ஆட்டங்களும் ஒன்றையொன்று பாதிக்காதவை என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் 2-2இல் களம் இறங்குபவருக்கு நெஞ்சு வேறு மாதிரி அடிக்கும். அதை அளக்க எளிய வழி இல்லை. ஆனால் பயிற்சியில் பழக்கலாம்.

நம் பள்ளிகளில் புறப்பாட நேரத்தில் மண்டபத்தை எட்டிப் பாருங்கள். நல்ல இறகுப் பந்துகளும் பயிற்றுநரின் கண்ணும் முதல் ஆட்டக்காரரிடம்தான் இருக்கும். மூன்றாவது மாணவன் ஓரத்தில் தேய்ந்த பந்தோடு சுவரில் அடித்துக்கொண்டிருப்பான். மாவட்டப் போட்டியில் 2-2 ஆகும் நாளில் எல்லாரும் அவனைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், வாரத்தில் ஒரு நாளாவது முதல்வரும் மூன்றாமவரும் ஒரே களத்தில் ஆட வேண்டும். மூன்றாமவருக்கு 15 புள்ளி முன்கூட்டியே கொடுத்துவிட்டு, முதல்வரைத் துரத்தச் சொல்லலாம். இருவருக்கும் வேர்க்கும்.

அடுத்த முறை இரண்டு அணிகளை ஒப்பிடும்போது தாளில் ஐந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் அணியின் வாய்ப்பை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சியும் தருகிறேன். நம் கற்பனை அணியில் மூன்றாவது ஒற்றையரை 0.40இலேயே விட்டுவிட்டு, ஓர் இரட்டையர் இணையை மட்டும் 0.50இலிருந்து 0.70 ஆக்கினால் அணியின் வாய்ப்பு என்ன ஆகும்? 16 வரிசைகளையும் கூட்டிப் பாருங்கள். 67 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வந்தால் சரி.