குறுக்கே நடக்கும் ராஜா

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியில் லெபோ கிங், லெபோ குவீன், லெபோ பிஷப் என மூன்று தெருக்கள் உண்டு. ராஜா, ராணி, மந்திரி! பெயரை விடுங்கள், அந்தத் தெருக்களின் அமைப்பே சதுரங்கப் பலகையைத்தான் நினைவூட்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பிறகு, லைட், பீச், சூலியா, பிட் ஆகிய நான்கு வீதிகளுக்குள் கட்டம் கட்டமாகப் போடப்பட்ட ஊர் இது.

கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நடந்து பாருங்கள். எதிரெதிர் மூலைகள். எந்தத் தெருவில் புகுந்து எதில் திரும்பினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துக்கு 1 கிலோமீட்டர் உள்ள சதுரமான ஊர் என்றால், தெருவழியே 2 கிலோமீட்டர், காகத்துக்கு 1.41. சதுரங்க ராஜாவின் கணக்கில் வெறும் 1! நேரே ஓர் அடி வைத்தாலும் மூலைவாட்டில் ஓர் அடி வைத்தாலும் அவருக்கு ஒரே நகர்த்தல்தான். இறுதியாட்டப் புதிர்களின் பேரழகு பலவும் இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

லிட்டில் இந்தியா தேநீர்க் கடையொன்றில், பள்ளியில் சதுரங்கம் ஆடும் ஒரு சிறுவனுக்கு நான்கே காய்களை வைத்துக் காட்டினேன். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி, ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். ரிச்சர்ட் ரேட்டி 1921இல் அமைத்த புதிர் இது.

“அங்கிள், இது தோத்த ஆட்டம்தானே?” என்றான்.

“எப்படிச் சொல்ற?”

“அந்தச் சிப்பாயைத் துரத்தினா ரெண்டு அடி பின்தங்கிடுவோம். நம்ம சிப்பாய்கிட்டப் போகலாம்னா ராஜா ரொம்பத் தூரத்துல இருக்காரு.”

இரண்டும் உண்மை. ஆனால் ராஜா குறுக்கே இறங்குகிறார்: ஜி7, எஃப்6. கருப்புச் சிப்பாய் எச்4க்கு வருகிறது. கருப்பு ராஜா பி6க்கு வந்து வெள்ளைச் சிப்பாயை வெட்டப் பார்க்கிறார். இப்போது இ5! அங்கே நின்றதும் இரண்டு வேலையும் ஒன்றாகிவிடுகின்றன. கருப்பு ராஜா சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப்4 வழியே ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடுவார். சிப்பாய் ஓடினால், டி6இல் தன் சிப்பாயோடு சேர்ந்துகொள்வார். இரு பக்கமும் ராணி வந்து ஆட்டம் சமன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது இதுதான். பையன் பேசவில்லை. காய்களைப் பழைய இடத்தில் வைத்து, தானே ஒருமுறை நடத்திப் பார்த்தான்.

ஏழு காய்கள் வரை எஞ்சும் எல்லா நிலைகளுக்கும் கணினியிடம் இன்று விடை உண்டு. மாட் ஆன நிலைகளில் தொடங்கி, பின்னோக்கிக் கணக்கிட்டு உருவாக்கிய அட்டவணைகள் அவை. 2018இல் முடிந்த ஒரு தொகுப்பில் மட்டும் சுமார் 424 டிரில்லியன் நிலைகள். ரேட்டியின் புதிருக்கு அது ‘சமன்’ என்று உடனே சொல்லிவிடும். ஏன் சமன் என்பதை அந்தப் பையனின் விரல்தான் தேடிக் கண்டது.

பலகையின் வடிவம் உலகப் பட்டத்தையே முடிவு செய்ததும் உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி, 14ஆவது ஆட்டம். சென்னையின் குகேஷுக்கு அப்போது வயது 18. சீனாவின் டிங் லிரென்னின் மந்திரி ஏ8 மூலையில் நின்றது. நடுப்பலகையில் நிற்கும் மந்திரிக்கு 13 கட்டங்கள் எட்டும்; மூலையில் 7தான், வழியும் ஒன்றே. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, தன் மந்திரியை டி5இல், அந்த ஒற்றை வழியில் நிறுத்தினார். டிங்கின் மந்திரி விலக இடமில்லை. மந்திரிகளும் போனபின் மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். வென்றவர் கண்ணீரோடு, காய்களை ஒவ்வொன்றாகத் தொடக்க நிலையில் அடுக்கி வைத்தார்.

நீங்களும் இன்று நான்கு காய்களை அடுக்குங்கள். ரேட்டியின் வழியை நடத்திப் பார்த்தபின், கருப்புச் சிப்பாயை மட்டும் எச்4இல் வைத்து மீண்டும் முயலுங்கள். எப்படி நடந்தாலும் வெள்ளை தோற்கும். அந்த அழகு முழுவதும் ஒரே ஒரு கட்டத்தின் மேல் நிற்கிறது.