தாத்தா போட்டோவும் கன்வல்யூஷனும்

ஆலந்தலை வீட்டில் எங்கள் தாத்தாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வள்ளத்தின் அருகே நிற்கிறார். படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். ஸ்கேன் செய்து, கிம்ப் மென்பொருளில் 'பிளர்' கொடுத்தேன். புள்ளிகள் மங்கின, தாத்தாவின் கண்களும் மங்கிவிட்டன!

காரணம், பிளருக்குப் பின்னால் இருக்கும் கன்வல்யூஷன் என்ற கணக்கு. ஒவ்வொரு பிக்ஸலையும் அண்டை பிக்ஸல்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கும். 10, 10, 100, 10, 10 என்ற வரிசையில் 100தான் புள்ளி. இருபுறமும் 10களே தொடர்வதாகக் கொள்ளுங்கள். மும்மூன்றாகச் சராசரி எடுத்தால் 10, 40, 40, 40, 10. கூட்டிப் பாருங்கள், இரண்டிலும் 140தான். புள்ளி அழியவில்லை, பரவியிருக்கிறது!

இரண்டு வகை பிளர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். அதே படம்தான். கன்வல்யூஷனில் வரிசை மாறினாலும் விடை மாறாது.

பிறகு 'டெஸ்பெக்கிள்' ஃபில்டருக்குப் போனேன். இது கன்வல்யூஷன் அல்ல. எண்களை அடுக்கி நடு எண்ணை எடுக்கும். 10, 10, 100 என்றால் 10. புள்ளியுள்ள இடங்களை மட்டும் செலக்ட் செய்து கொடுத்தேன். கண்கள் தப்பின.

நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் ஸ்கேன் செய்த ஒரிஜினல் ஃபைலை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். பிளரில் போன கண்களை மீட்பது கடினம்.