ஊரில் எடுபடாத பாட்டு

அமெரிக்காவில் ராக்போர்டு என்று ஓர் ஊர். அந்த ஊர் வாலிபர்கள் நால்வர் "சீப் டிரிக்" என்ற பாட்டுக் குழுவை நடத்தி வந்தார்கள். 1977-ல் "ஐ வான்ட் யூ டு வான்ட் மீ" என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். சொந்த நாட்டில் அது எடுபடவில்லை.

ஜப்பானில் ஆரவாரம்

1978 ஏப்ரலில் அவர்கள் ஜப்பான் சென்றார்கள். அங்கே ரசிகர் கூட்டம் அலைமோதியது!

டோக்கியோவில் "புடோக்கான்" மண்டபம் இருக்கிறது. 1964 ஒலிம்பிக் ஜூடோ போட்டிக்காகக் கட்டியது. அங்கே அதே பாட்டைச் சற்று வேகமாகப் பாடினார்கள். ரசிகர்களின் கூச்சலும் சேர்ந்தே பதிவாயிற்று.

அந்த இசைத்தட்டு முதலில் ஜப்பானில்தான் வெளிவந்தது. அமெரிக்கக் கடைக்காரர்கள் அதை வரவழைத்து விற்றார்கள். பிறகுதான் அமெரிக்காவிலும் வெளியிடப்பட்டது. 1979-ல் அந்தப் பாட்டு "பில்போர்டு" பட்டியலில் 7-வது இடம் பிடித்தது!

பாடியவர்கள் அவர்களேதான். சொந்த நாட்டார் காதில் விழ, பாட்டு கடல் கடந்து போய்வர வேண்டியிருந்தது.